கைமுடிச்சுக் கம்பளங்களைப் பேணுதல்

சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரத்தில் அராப் ஸ்திரீட் வழியாக நடந்து செல்வோர், சில கடைகளில் வண்ண வண்ணக் கம்பளங்கள் சுருட்டி அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான், காஷ்மீர் முதலிய இடங்கள் கையால் நெய்யப்படும் கம்பளங்களுக்குப் பெயர்பெற்றவை. இத்தகைய கம்பளம் ஒன்றை முறையாகப் பேணினால், அது பல தலைமுறைகளுக்குப் பயன்படும். ஆனால், ஒரே ஒரு தவறான சலவையால் அது ஒரு நாளிலேயே பாழாகவும் கூடும். வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இழைகள் சுருங்கித் தடித்துவிடும். ஈரம் தங்கினால் அடித்தள நூல் அழுகிவிடும். இந்தச் சேதங்களில் பெரும்பாலானவற்றைப் பிறகு சரிசெய்ய இயலாது.

கம்பளத்தைத் தூய்மைப்படுத்துவது பற்றிய குறிப்புகள் பல இடங்களில் கிடைக்கின்றன. அவற்றுள் சில ஒன்றுக்கொன்று முரணானவை. ஒருவர் வெயிலில் காயவைக்கச் சொல்வார். மற்றொருவர் வெயிலே படக்கூடாது என்பார். எதைப் பின்பற்றுவது என்ற குழப்பம் எழுவது இயல்பே. கம்பளம் எதனால் ஆனது, எவ்வாறு உருவாகிறது என்னும் இரண்டையும் அறிந்துகொண்டால் இக்குழப்பம் நீங்கும். ஏனெனில், ஒவ்வொரு பராமரிப்பு முறைக்கும் உரிய காரணம் கம்பளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

முடிச்சுகளால் ஆன பரப்பு

கைமுடிச்சுக் கம்பளம் தறியில் உருவாகிறது. முதலில், தறியில் நீளவாக்கில் நூல்கள் இழுத்துக் கட்டப்படுகின்றன. இவை பாவு நூல்கள் எனப்படும். பெரும்பாலும் இவை பருத்தியால் ஆனவை. சில கம்பளங்களில் கம்பளி நூலோ பட்டு நூலோ பயன்படுத்தப்படுவதும் உண்டு. நெசவாளர், சாயமேற்றிய கம்பளி இழையை இரண்டு பாவு நூல்களைச் சுற்றி முடிச்சிட்டு, அதன் நுனியை வெட்டிவிடுவார். ஒரு வரிசை முடிச்சுகள் நிறைவடைந்ததும், குறுக்காக ஊடு நூலைச் செலுத்தி, கனமான சீப்பு போன்ற கருவியால் அடித்து இறுக்குவார். பின்னர் அடுத்த வரிசை தொடங்கும். இவ்வாறு வெட்டப்பட்ட இலட்சக்கணக்கான நுனிகள் ஒன்றுசேர்ந்தே, கால் பதியும் மெத்தென்ற மேற்பரப்பாகின்றன.

இந்த உழைப்பின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட கம்பளத்தின் பரப்பளவு 6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 2 இலட்சம் முடிச்சுகள் இருப்பதாகக் கொண்டால், அதில் மொத்தம் 12 இலட்சம் முடிச்சுகள் இருக்கும். ஒருவர் நாளொன்றுக்கு 8,000 முடிச்சுகள் இட்டாலும், அதை முடிக்க அவருக்கு 150 வேலை நாள்கள் தேவைப்படும். கம்பளியை நூற்றல், சாயமேற்றல், இறுதியில் மேற்பரப்பைச் சமமாகக் கத்தரித்தல் ஆகிய வேலைகள் இக்கணக்கில் சேரவில்லை.

கம்பளத்தின் இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சம் அழகுக்காகத் தைக்கப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். கைமுடிச்சுக் கம்பளத்தில் அது பாவு நூலின் நுனியே ஆகும். கம்பளத்தின் முதுகெலும்பு போன்ற அந்நூல் அறுந்தால், ஓரத்தில் உள்ள முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழத் தொடங்கும். ஆகவே, குஞ்சத்தைப் பிடித்து இழுப்பதும் கத்தரிப்பதும் கம்பளத்திற்கே ஊறு விளைவிக்கும்.

வகையறிந்து பேணுதல்

எல்லாத் தரைவிரிப்புகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எனவே, தூய்மைப்படுத்தும் முன் விரிப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கைமுடிச்சுக் கம்பளத்தின் பின்புறத்திலும் முன்புறத்தில் உள்ள வடிவம் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் சிறிது ஏற்றத்தாழ்வுடன் இருக்கும். பின்புறம் முழுவதும் துணி ஒட்டப்பட்டிருந்தால், அது முடிச்சிடப்படாமல் ஊசிக்கருவியால் இழைகள் குத்தப்பட்ட விரிப்பாக இருக்கலாம். அத்தகைய விரிப்பில் இழைகளைப் பிடித்து வைத்திருப்பது பசையே. அதை நீரில் ஊறவைத்தால் பசை கெட்டு, துணி பிரிந்துவிடும்.

முடிச்சே இல்லாமல், பாவையும் ஊடையும் மட்டும் கொண்டு நெய்யப்படும் தட்டையான விரிப்புகளும் உள்ளன. துருக்கியின் கிலிம் இவ்வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்தில் உள்ள பவானியின் புகழ்பெற்ற ஜமக்காளமும் இவ்வகையே. பருத்தி ஜமக்காளம் கம்பளியைவிடச் சலவையை எளிதாகத் தாங்கும். ஆயினும், அதன் அடர்ந்த சிவப்பும் நீலமும் சாயம் விடக்கூடும் என்பதால், அதையும் முதலில் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

காலத்தை வென்ற கம்பளங்கள்

கம்பளம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. 1949ஆம் ஆண்டு, சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் உள்ள பசிரிக் என்னும் இடத்தில், செர்கெய் ருதென்கோ என்ற தொல்லியல் அறிஞர் பழங்காலக் கல்லறை ஒன்றை அகழ்ந்தார். அதனுள் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1.83 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கம்பளம் கிடைத்தது. அதன் வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல். ஆயினும், அதில் நெய்யப்பட்டிருந்த குதிரைகளும் மான்களும் தெளிவாகத் தெரிந்தன. நெடுங்காலத்திற்கு முன்பே கல்லறையைத் திருடர்கள் துளைத்திருந்தனர். அத்துளை வழியே உள்ளே புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டது. அந்தப் பனியும் இருளும் கம்பளத்தைப் பூச்சி, பூசணம், வெளிச்சம் ஆகிய மூன்றிடமிருந்தும் காத்தன. அக்கம்பளம் இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ள ஹெர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாவது சான்று, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபில் கம்பளம். ஈரானில் நெய்யப்பட்ட அக்கம்பளத்தில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டு, பொது ஆண்டுக் கணக்கில் 1539-1540 ஆகும். அதன் நீளம் 10 மீட்டருக்கும் அதிகம். அதன் வண்ணங்களைக் காப்பதற்காக, ஒரு மணி நேரத்தில் இருமுறை, பத்துப் பத்து நிமிடங்கள் மட்டுமே அதன்மீது விளக்கொளி பாய்ச்சும் ஏற்பாட்டை அந்த அருங்காட்சியகம் செய்தது. வெளிச்சம் சாயத்தை எவ்வளவு பாதிக்கும் என்பதை இதனால் உணரலாம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை இதற்கு நேர்மாறானது. கம்பள நெசவு செழித்த நிலங்களில் பல வறண்டவை. இங்கோ ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்திருக்கும். சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே, வறண்ட நாடுகளில் பின்பற்றப்படும் முறைகளை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது.

மண்துகளே முதல் பகை

கம்பளத்திற்கு அன்றாடம் தீங்கு செய்வது பெரிய கறையன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத மண்துகளே. காலில் ஒட்டிவரும் மணல் இழைகளுக்கிடையே இறங்கி, முடிச்சுகளின் அடியில் தங்கிவிடும். அதன் கூரிய விளிம்புகள், ஒவ்வொரு முறை கால் படும்போதும் இழையை அறுக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மிருதுவான கம்பளி தேய்வதில் வியப்பில்லை. காலணியை வாசலிலேயே கழற்றும் நம் வட்டார வழக்கம் இவ்வகையில் கம்பளத்திற்குப் பெரும் பாதுகாப்பாகும்.

மண்துகளை அகற்ற, வாரத்திற்கு ஒருமுறை தூசு உறிஞ்சியைப் பயன்படுத்தலாம். ஆனால், அதன் அடியில் சுழலும் தூரிகை இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். அது முடிச்சின் இழைகளைப் பிடித்து இழுத்துவிடும். கம்பளத்தின் மேற்பரப்பைக் கையால் தடவினால், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். வழவழப்பான திசையே இழை சாயும் திசை. அத்திசையிலேயே தூசு உறிஞ்சியை மெதுவாக நகர்த்த வேண்டும். குஞ்சத்தின்மேல் அதைச் செலுத்தாமல், குஞ்சத்தைக் கையால் நீவிச் சீராக்கினால் போதும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை கம்பளத்தைக் குப்புற விரித்து, பின்புறத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டினால், அடியில் தங்கிய மணல் தரையில் உதிரும். தடியால் ஓங்கி அடித்தால் பழைய கம்பளத்தின் பாவு நூல் அறுந்துவிடும். அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே கம்பளத்தைத் தொங்கவிட்டு உதறுவதும் தவறு. அது கைநழுவி விழுந்தால் கீழே செல்வோருக்கு ஆபத்து நேரிடும்.

கறை படிந்தால்

கறையை நீக்கும் முறையைப் புரிந்துகொள்ளக் கம்பளியின் தன்மையை அறிய வேண்டும். கம்பளி, கெராட்டின் எனும் புரதத்தால் ஆனது. மனிதரின் தலைமுடியும் நகமும்கூட அதே வகைப் புரதத்தால் ஆனவையே. நுண்ணோக்கியில் பார்த்தால் கம்பளி இழையின்மேல் மீனின் செதில்களைப் போன்ற நுண்ணிய செதில்கள் தெரியும். சுடுநீரும் சவர்க்காரமும் பட்டு, தேய்க்கவும் செய்தால், இச்செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்போது இழைகள் சுருங்கித் தடித்துவிடும். மீண்டும் அவற்றைப் பிரிக்க இயலாது.

சலவைத்தூள்களில் பல காரத்தன்மை உடையவை. காரம் கம்பளியைப் பலவீனப்படுத்தும். சில சலவைத்தூள்களில் இரத்தம், பால் போன்ற புரதக் கறைகளைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. கம்பளியும் புரதமே என்பதால், அந்நொதிகள் அதையும் அரிக்கும். குளோரின் கலந்த வெளுப்பானோ கம்பளியைக் கரைத்தே விடும். தலைமுடியில் தடவ அஞ்சும் எதையும் கம்பளத்தில் தடவக்கூடாது என்பதை எளிய விதியாகக் கொள்ளலாம்.

காப்பியோ தேநீரோ சிந்தினால் உடனே செயல்பட வேண்டும். கம்பளி இழையின் மேற்புறம் நீரை எளிதில் ஏற்பதில்லை. ஆகவே, சிந்திய பானம் சிறிது நேரம் மேலேயே தங்கும். அந்த நேரத்திற்குள் வெள்ளைப் பருத்தித் துணியை அதன்மேல் வைத்து அழுத்தி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். கறை பரவாமலிருக்க, ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஒற்றுவது நல்லது. துணி நனைந்ததும் உலர்ந்த துணியை மாற்றிக்கொள்ள வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை ஆழமாக இறங்குவதோடு, இழையின் முறுக்கும் பிரிந்துவிடும்.

ஒற்றிய பிறகும் கறை தெரிந்தால், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மீண்டும் ஒற்றலாம். அதற்கு முன் சாயத்தைச் சோதிப்பது அவசியம். கம்பளத்தின் பின்புறத்தில் ஒரு மூலையில், ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால், சாயம் உறுதியாக இல்லை என்று பொருள். அப்போது வீட்டில் நீரைப் பயன்படுத்தாமல் தேர்ந்த வல்லுநரை நாடுவதே பொருத்தம். நிறம் ஒட்டாவிட்டால், கம்பளி ஆடைகளுக்கான மென்மையான சலவைத் திரவத்தில் சில துளிகளை நீரில் கலந்து ஒற்றலாம். பின்னர் வெறும் நீரில் நனைத்த துணியால் சவர்க்காரத்தை முழுவதும் எடுத்துவிட வேண்டும். எஞ்சிய சவர்க்காரம் பிசுபிசுத்து, புதிய அழுக்கை ஈர்க்கும். பட்டுக் கம்பளமாக இருந்தால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே சிறந்தது.

நம் வீடுகளில் குழம்புக் கறைக்குத் தனிக் கவனம் தேவை. மஞ்சள் தொன்றுதொட்டே சாயப்பொருளாகவும் பயன்பட்டு வந்துள்ளது. அதில் உள்ள குர்குமின் கம்பளியில் எளிதாகப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் காரத்தன்மையுள்ள சவர்க்காரம் பட்டால், மஞ்சள் கறை செந்நிறமாக மாறிவிடும். சமையல் சோடாவும் காரத்தன்மை உடையதே. எனவே, குழம்பு சிந்தினால் முதலில் கரண்டியால் மெல்ல வழித்தெடுத்து, எண்ணெயை உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கும் என்பது உண்மையே. ஆனால், கம்பளத்தை வெயிலில் போட்டால் கறையோடு சேர்ந்து கம்பளத்தின் வண்ணமும் மங்கிவிடும்.

ஈரமும் வெயிலும்

கம்பளி, தொட்டால் ஈரமாகத் தோன்றாமலேயே தன் எடையில் சுமார் 30 விழுக்காடு வரை நீராவியை ஈர்த்துக்கொள்ளக் கூடியது. ஆதலால், மேற்புறம் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கலாம். அந்த ஈரம் பல நாள் நீடித்தால் பருத்திப் பாவில் பூசணம் பிடிக்கும். நாளடைவில் நூல் இற்றுப்போகும். அதன்பின் கம்பளத்தை மடித்தாலே அது முறிந்து கிழியும்.

நனைந்த கம்பளத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, இருபுறமும் காற்றுப் படுமாறு கிடத்தி, மின்விசிறியால் உலர்த்த வேண்டும். சுடுகாற்றுக் கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகு, அது நன்கு காய்ந்த பின்னரே கம்பளத்தை விரிக்க வேண்டும். கம்பளத்தின்மேல் பூந்தொட்டியை வைப்பது மிகவும் தவறு. தொட்டியின் அடியில் கசியும் ஈரம் கண்ணுக்குத் தெரியாமலேயே கம்பளத்தை அழுகச் செய்யும். தொட்டியை நகர்த்தும் நாளில்தான் சேதம் தெரியவரும்.

மரபுவழிக் கம்பளங்களின் சாயங்கள் பெரும்பாலும் தாவரங்களிலிருந்து பெறப்பட்டவை. அவுரியிலிருந்து நீலமும், மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சிவப்பும் கிடைத்தன. சிவப்புச் சாயம் இழையில் பற்றிக்கொள்ளப் படிகாரம் உதவியது. இச்சாயங்கள் உறுதியானவை என்றாலும் நேரடி வெயிலில் நாளடைவில் மங்கும். செயற்கைச் சாயங்களிலும் மங்கக்கூடியவை உண்டு. ஆகவே, கம்பளம் விரித்த அறையில் நண்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடலாம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கம்பளத்தைத் தலைமாற்றி விரித்தால், வெளிச்சமும் கால்மிதியும் எல்லாப் பகுதிகளிலும் ஓரளவு சமமாகப் படும்.

இருட்டில் பெருகும் பூச்சிகள்

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று. அதன் முட்டையிலிருந்து வெளிவரும் புழுவே. கம்பள வண்டின் புழுவும் அவ்வாறே கெராட்டினைத் தின்று வாழும். இவை இருட்டையும் அமைதியையும் நாடும். அதனால்தான் சோபாவின் அடியிலும் அலமாரியின் பின்னாலும் மறைந்திருக்கும் பகுதிகளே முதலில் அரிக்கப்படுகின்றன. அடிக்கடி மிதிபடும் பகுதி தப்பிவிடுகிறது. தளவாடங்களை மாதம் ஒருமுறை நகர்த்தி அவ்விடங்களைத் தூய்மைப்படுத்துவதே சிறந்த தடுப்பு முறை.

பூச்சியை விரட்டப் பாச்சை உருண்டை பயன்படுத்தும் வழக்கம் உண்டு. நாஃப்தலீன் கலந்த உருண்டைகளில் ஆபத்து இருக்கிறது. ஜி6பிடி எனும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த குழந்தைகளுக்கு இக்குறைபாட்டைக் கண்டறியும் சோதனை செய்யப்படுவது குறிப்பிடத்தக்கது. ஆகவே, குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வுருண்டைகளைத் தவிர்ப்பதே அறிவுடைமை. அருங்காட்சியகங்கள் பின்பற்றும் முறைகளில் ஒன்று, கம்பளத்தை நெகிழி உறையில் காற்றுப் புகாமல் மூடி, உறைநிலைக்கு வெகு கீழே பல நாள் குளிரூட்டுவதாகும். இதில் நஞ்சு எதுவும் இல்லாமலேயே முட்டையும் புழுவும் அழிகின்றன.

எடுத்து வைக்கும்போது

கம்பளத்தைச் சில காலம் பயன்படுத்தாமல் எடுத்து வைக்க நேர்ந்தால், முதலில் அதைத் தூய்மைப்படுத்தி முற்றிலும் உலர்த்த வேண்டும். வியர்வையும் உணவுத்துகளும் படிந்த கம்பளியையே பூச்சி பெரிதும் விரும்பும். மடித்தால் மடிப்பில் நூல் முறியும் என்பதால், இழை சாயும் திசையில் சுருட்டுவதே முறை. பின்னர் வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றி, தரையில் படாதவாறு உயர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நெகிழி உறையில் நெடுநாள் சுற்றி வைத்தால், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூசணமாகும். எடுத்து வைத்ததோடு மறந்துவிடாமல், அவ்வப்போது விரித்துப் பார்ப்பதும் தேவை.

முழுக் கம்பளத்தையும் நீரில் அலசும் வேலை வீட்டில் செய்வதற்கு உரியதன்று. நனைந்த கம்பளம் மிகவும் கனக்கும். உலரவும் நெடுநேரம் எடுக்கும். கைமுடிச்சுக் கம்பளங்களைக் கழுவித் தேர்ந்தவர்களிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்படைக்கலாம். எந்த முறையில் கழுவுவார்கள், எவ்வாறு உலர்த்துவார்கள், சாயத்தைச் சோதிப்பார்களா என்ற கேள்விகளைக் கேட்ட பிறகே ஒப்படைக்க வேண்டும். ஓரத்தில் முடிச்சுகள் அவிழத் தொடங்கினால், சில வரிசைகள் போவதற்குள் தைத்துவிட்டால் செலவும் சேதமும் குறையும்.

வாரந்தோறும் சில நிமிடங்கள் தூசு அகற்றுவது, சிந்தியவுடன் ஒற்றுவது, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தலைமாற்றி விரிப்பது ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத சிறு பழக்கங்களே. வீட்டில் உள்ள சிறுவர்களும் இவற்றில் பங்கேற்கலாம். இயந்திரத்தில் நெய்யப்பட்ட ஒரு விரிப்பு கிழிந்தால், அதே போன்ற மற்றொன்றைக் கடையில் வாங்கிவிட முடியும். கையால் முடிச்சிட்ட கம்பளத்திற்கு அவ்வாறு ஈடு கிடையாது. பெயர் தெரியாத ஒருவர் மாதக்கணக்கில் தறியின் முன் அமர்ந்து இட்ட முடிச்சுகள் அவை. அவற்றைக் கண்ணும் கருத்துமாகப் பேணுவது, அந்த உழைப்பாளிக்குச் செலுத்தும் மரியாதையுமாகும்.